பேசும் துணிகள்

துணியும் பேசும் என்பதை ஜாவாத் தீவின் பாத்திக் கலையில் நாம் காண்கிறோம். உருகிய மெழுகைச் ‘சாந்திங்’ என்னும் செப்பு மூக்குடைய கருவியால் துணியில் கோலமாக இட்டு, சாயத்தில் தோய்ப்பர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

குழந்தையை நற்பேறு வேண்டும் சின்னங்கள் கொண்ட பாத்திக்கில் ஏந்திச் சுமப்பர். மணமக்கள் வளவாழ்வை வேண்டி ‘சிடோமுக்தி’ உடுத்துவர். அவர்தம் பெற்றோர் அணிவது, விண்மீன்கள் சிதறினாற் போன்ற ‘துருந்தும்’. மீண்டும் மீண்டும் தளிர்க்கும் அன்பே அதன் பொருள். இறந்தோரைப் போர்த்தும் ‘ஸ்லோபோக்’, அவர்தம் இறுதிப் பயணம் தடையின்றி அமைய வேண்டுகிறது.

2009இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. இயந்திர அச்சு இவ்வுருவங்களை நொடியில் தந்துவிடும். பொருளையோ மூத்தோர் சொல்ல, இளையோர் கேட்டறிய வேண்டும். கேட்போர் இல்லையேல் பேசும் துணியும் ஊமையாகிவிடும் அன்றோ?