ஆறாம் மாதத்துத் தாய்க்கு

கண்ணு, உன் பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைகிறது. சேடா நகர் முருகன் கோயிலில் சோறூட்டிவிட்டு வீடு திரும்பினால், அன்று சாயங்காலமே பேச்சு ஆரம்பித்துவிடும்: "பிள்ளை இன்னும் வெயிட் போடலையே!" மும்பையில் விக்ரோலி பார்க்சைட் மேட்டிலும் கன்னம்வார் நகரிலும் பால்வாடிகளிலேயே என் காலம் போனது. தராசில் தொங்கிய பிள்ளையைவிட, பக்கத்தில் நின்ற தாயின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் தலைமுறை செய்த தப்பெல்லாம் எனக்கு மனப்பாடம். அதையே நீயும் செய்யக் கூடாது என்றுதான் இந்தப் பத்து விஷயத்தையும் சொல்கிறேன்.

1. ஊர் வாயைத் தராசாக்காதே. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைதான் இன்று நம் பால்வாடிகளிலும் இருக்கிறது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை அளந்து உருவாக்கியது அது. அதன்படி ஆண் பிள்ளையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.3 கிலோ, ஆறு மாதத்தில் 7.9, ஒரு வயதில் 9.6. பெண் பிள்ளைக்கு 3.2, 7.3, 8.9. கணக்குப் போட்டுப் பார். முதல் ஆறு மாதத்தில் நாலு கிலோவுக்கு மேல் ஏறுகிற பிள்ளை, அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு கிலோகூட ஏறாது. வேகம் குறைவது இயற்கை. இது தெரியாமல்தான் பக்கத்து வீட்டுக்காரி "உன் பால் தண்ணியாப் போச்சு" என்பாள். கேட்டவளும் நம்பி, நல்ல பாலை நிறுத்திவிட்டு வந்து நிற்பாள். அப்படி வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

2. ஒரே தராசை நம்பு. பார்க்சைட்டில் ஒரு பெண் வாரத்துக்கு ஒரு தராசு பார்ப்பாள். ஒரு வாரம் கிளினிக், மறு வாரம் மருந்துக் கடை, அதற்கடுத்த வாரம் எங்கள் பால்வாடி. ஒவ்வொன்றும் ஒரு எடை காட்டும். ஒவ்வொரு எடைக்கும் அவளுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போகும். மாதம் ஒரு முறை, ஒரே தராசில், கனமான துணியைக் கழற்றிவிட்டு எடை பார்த்தால் போதும். தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் அதைப் புள்ளியாக வைக்கச் சொல். ஒரு புள்ளி ஒன்றும் சொல்லாது. நாலைந்து புள்ளிகளைச் சேர்க்கும் கோடுதான் பேசும். உன் பிள்ளை சின்ன உடம்புக்காரனாக இருக்கலாம். நீயும் உன் வீட்டுக்காரரும் எந்த ஊர்ப் பயில்வான்கள்? அவன் கோடு தன் பாதையில் மேலே போய்க்கொண்டிருந்தால் நிம்மதியாக இரு.

3. சோறு வந்ததென்று பாலை இறக்காதே. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் பாதியையோ அதற்கு மேலோ தாய்ப்பாலே தரும். இரண்டாம் வருஷத்திலும் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்துதான். டாகூர் நகரில் ஒரு பிள்ளை மசித்த சோற்றை ஆசையாகச் சாப்பிட்டது. "இனிமேல் பால் எதற்கு?" என்று மாமியார் சொல்ல, எட்டாம் மாதமே நிறுத்திவிட்டார்கள். அட்டையில் கோடு படுத்துக்கொண்டது. கேட்கும்போதெல்லாம் கொடு, ராத்திரியும் கொடு, இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடு. சோறு பாலுக்குத் துணையாக வந்தது. அதன் இடத்தைப் பிடிக்க வரவில்லை.

4. பால் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் பிடிப்பைப் பார். பிள்ளை நாள் முழுக்க மார்பிலேயே கிடக்கும், எடை மட்டும் நகராது. அருகில் உட்கார்ந்து பார்த்தால், காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருக்கும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பதிய வேண்டும். நமக்கு அடுத்த பவாய் ஐ.ஐ.டி.யில் டாக்டர் ரூபல் தலால் இதையே வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கிறார். அங்கே தயாரித்த 'ஸ்போக்கன் டுடோரியல்' வீடியோக்கள் தமிழிலும் இருக்கின்றன, போனில் பார். இன்னொன்று: ஒரு பக்கம் நன்றாகக் காலியான பிறகே மறு பக்கம் மாற்று. கடைசியில் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம். அவசரக்காரி முன்பாலை மட்டும் கொடுத்து எழுந்துவிடுவாள்.

5. கரண்டியைச் சாய்த்துப் பார். எங்கள் காலத்தில் பிள்ளைக்குச் சோறு ஆரம்பிப்பது என்றால் வடித்த கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி. செரிக்கும் என்று நினைத்தோம். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. இந்த வயதில் பிள்ளையின் வயிறு ஒரு டம்ளர் அளவுதான். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பால் தவிர உணவிலிருந்து தினம் சுமார் 200 கலோரி வேண்டும்; ஒன்பதிலிருந்து பதினொன்று வரை 300. அந்தச் சின்ன வயிற்றுக்குள் அது போக வேண்டுமென்றால் உணவு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல், மெல்ல நழுவி விழ வேண்டும். குழைந்த சோறும் பருப்பும் மசித்து, ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ விடு. அந்த ஒரு ஸ்பூனிலேயே நாற்பது கலோரிக்கு மேல் இருக்கிறது. முதலில் இரண்டு மூன்று ஸ்பூன், பிறகு மெல்லக் கூட்டி, தினம் இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று நாலு வேளையும், நடுவில் ஒரு வாய்ப் பழமோ அவித்த கிழங்கோ.

கெட்டியாக இருந்தால் பிள்ளை விழுங்க மாட்டேன் என்கிறதா? கேழ்வரகை (மளிகைக் கடையில் நாச்ணி என்று கேள்) ராத்திரி ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்துவை. வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து மாவாக்கு. கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும் இந்த மாவில் அரை ஸ்பூன் போட்டுக் கிளறு. சில நிமிஷத்தில் தண்ணீர் விடாமலே கஞ்சி இளகும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டுக் கொடு. முளையில் இருக்கும் நொதி மாச்சத்தை உடைப்பதால் வரும் இளக்கம் அது. பரோடா பல்கலைக்கழகத்தார் 1980-களில் அரிசிக் கஞ்சியில் செய்து காட்டியதும் இதைத்தான்.

6. எது தேவை, எது வேண்டாம் என்று தெரிந்துகொள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீரும். தாய்ப்பாலில் அது குறைவு. அதனால் பருப்பு, கீரை, நன்றாக வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன், ஈரல் என்று மெல்ல மெல்லப் பழக்கு. பால்வாடியிலோ ஆரோக்கிய நிலையத்திலோ தரும் இரும்புச் சத்து மருந்தை வாரம் இரு முறை ஒரு மில்லி கொடுக்கச் சொல்வார்கள், மறக்காதே. ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப் பிள்ளையை முடக்கிவிடும். மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக்காதே. முழுக் கடலை, திராட்சை தொண்டையை அடைக்கும், மசித்துக் கொடு. நம் மும்பைக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம்: டீயில் பிஸ்கட்டை நனைத்துப் பிள்ளை வாயில் வைப்பது. அது பசியையும் கெடுக்கும், இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். டப்பா மாவு விளம்பரத்தில் சிரிக்கிற கொழுகொழு பிள்ளையைப் பார்த்துத் தாய்மார் ஏங்கக் கூடாது என்பதற்காகவே, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பால்பொடிக்கும் குழந்தை உணவுக்கும் விளம்பரம் செய்வதை 1992-இல் வந்து 2003-இல் திருத்திய சட்டம் தடுத்திருக்கிறது.

7. ஊட்டு, திணிக்காதே. ஒரு பாட்டி பேரனை நீட்டிய கால்மேல் மல்லாக்கப் போட்டு, சங்கால் ஊற்றுவாள். அழும்போது வாய் திறக்குமே, அந்த நேரம் பார்த்து ஒரு மடக்கு. நாளாக நாளாக அந்தப் பிள்ளை சங்கைப் பார்த்தாலே வீரிட்டது. அப்படி ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவை, அதன் கண்ணுக்கு நேரே நீ உட்கார். வாய் திறந்தால் கொடு. தலையைத் திருப்பினால் நிறுத்து. போனைக் காட்டி ஏமாற்றாதே. எதைத் தின்கிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு எப்போது வயிறு நிறைந்தது என்றும் தெரியாது. இன்று துப்பிய பூசணிக்காயை நாளையும் கொடு, நாளை மறுநாளும் கொடு. எட்டுப் பத்துத் தடவை ருசி பார்த்த பிறகே சில பிள்ளைகள் ஒத்துக்கொள்ளும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உன் பொறுப்பு. எவ்வளவு என்பதை அதனிடமே விடு.

8. கையைக் கழுவு. மாதமெல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றிய எடையை இரண்டு நாள் வயிற்றுப்போக்கு கொண்டுபோய்விடும். நம் மேட்டில் குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்; டிரம்மில் பிடித்துவைத்துத்தான் நாள் ஓட்டுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சிய தண்ணீர் தனியாக மூடிவை. சமைப்பதற்கு முன்னும், ஊட்டுவதற்கு முன்னும், பிள்ளைக்குக் கால் கழுவிய பின்னும் சோப்பு போடு. பாட்டில் வேண்டவே வேண்டாம். கிண்ணமும் ஸ்பூனும் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடு, துத்தநாக மாத்திரையை டாக்டர் சொன்னபடி 14 நாளும் கொடு. பாலையும் சோற்றையும் நிறுத்தாதே. "வயிறு காயட்டும்" என்று பட்டினி போட்டதால் மெலிந்த பிள்ளைகள் எங்கள் காலத்தில் ஏராளம். உடம்பு தேறிய பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடு.

9. உன் தட்டையும் பார். எல்லோரும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்பதைப் பெருமை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது பெருமை கிடையாது, பசி. முட்டையும் பருப்பும் முதலில் உன் தட்டில் விழட்டும். வேலைக்குப் போகிறவளா நீ? 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு கிடைக்கிறது. சரியாகச் சோறு ஆரம்பிக்கும் நேரத்தில் அது முடியும். இப்போதே கையால் பீய்ச்சி எடுக்கப் பழகு. சுத்தமான மூடிய கிண்ணத்தில், ஃபிரிட்ஜில் வைத்தால் நீ இல்லாத நேரத்துக்கு உதவும். வெளியில் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். மும்பை வெக்கையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடச் சொல். ஊட்டுவது ஆண் கைக்கும் வரும் வேலைதான், உன் வீட்டுக்காரரிடம் கிண்ணத்தைக் கொடு. அடுத்தவளின் பால் இன்னொருத்தி பிள்ளையைக் காப்பாற்றிய ஊர் இது: ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் நம் சயான் ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். உதவி கேட்பதில் வெட்கம் எதற்கு?

10. வீராப்புக்காக டாக்டரைத் தள்ளிப்போடாதே. ஊர்ப் பேச்சைக் கேட்காதே என்று முதலில் சொன்னேன். ஆனால் அட்டை பேசினால் கேள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலோ, இறங்கினாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ அன்றைக்கே கிளம்பு. பால்வாடியில் மேல்கையைச் சுற்றி ஒரு நாடா வைத்து அளப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பில் நின்றால் அது கடுமையான மெலிவு. கைவைத்தியம் பேசும் நேரம் அதுவல்ல. முதலில் காட்கோபரில் ராஜாவாடி ஆஸ்பத்திரி, அதற்கு மேல் சயான். தாராவியில் 'சோட்டா சயான்' என்று நாம் சொல்லும் நல மையத்தில் இப்படி மெலிந்த பிள்ளைகளைத் தேற்றுவதற்கென்றே ஒரு ஊட்டச்சத்து மையம் இருக்கிறது. "என் பிள்ளைக்கா?" என்று மானம் பார்த்து ஒரு மாதம் வீணடித்த தாய்மாரை எனக்குத் தெரியும். போனவுடன் கூச்சம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இவ்வளவுதான், தாயீ. கொழுகொழு என்று இருப்பதெல்லாம் ஆரோக்கியம் ஆகிவிடாது. சுறுசுறுப்பாகத் தவழ்ந்து, சிரித்து, பசிக்குக் கேட்டு, போதுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை நல்ல பிள்ளை. அடுத்த மாதம் எடை பார்க்கும் நாளை மறந்துவிடாதே. போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. அட்டையில் அந்தக் கோடு ஏறுவதை அவரும் தன் கண்ணால் பார்க்கட்டும்.