பழைய படகுக்குப் புது டீசல் டேங்க்: முழுமையான வழிகாட்டி

பழைய படகு ஒன்றைப் புதுப்பிக்க இறங்கியிருக்கிறோம். உடல் உறுதியாக இருக்கிறது, இன்ஜினும் ஓடுகிறது. டீசல் டேங்க் மட்டும் அரித்து ஒழுகுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. வேலையை வரிசை மாறாமல் செய்தால் புதியவர்களும் நன்றாக முடிக்கலாம். 20 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் உள்ளே பொருத்திய ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை சேர்ந்தே போவோம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வோம். உலோக டேங்க் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்துதான் கெடுகிறது. அடியில் தேங்கும் உப்புத் தண்ணீர்தான் அதைத் தின்கிறது. ஆகவே டேங்கை விட, அது உட்காரும் இடத்துக்கே நாம் அதிகம் மெனக்கெட வேண்டும்.

எப்போது தொடங்கலாம்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும் காலமும் அதுதான். வெல்டிங் பட்டறைகளில் வேலை குவிந்திருக்கும். நம் அளவுகளை அதற்கு முன்பே எடுத்துப் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

பழைய டேங்கை எப்படி எடுப்பது?

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவோம். எல்லா மூடிகளையும் திறந்து காற்றோட விடுவோம். மிச்ச டீசலையும் அடிக்கசடையும் கேன்களில் இறக்குவோம்; கடலிலோ மணலிலோ ஊற்றக் கூடாது.

ஒவ்வொரு ஓஸையும் கழற்றும் முன் படம் எடுத்து, எது எங்கே போகிறது என்று சீட்டு எழுதிக் கட்டுவோம். திரும்ப மாட்டும்போது பாதி நேரம் மிச்சமாகும்.

எச்சரிக்கை: டேங்க் காலியாகிவிட்டதே என்று கிரைண்டராலோ காஸ் கட்டராலோ வெட்டக் கூடாது. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். வெளியே வரவில்லை என்றால் மேல்தளப் பலகையைக் கழற்றி, டேங்கை முழுதாகவே தூக்குவோம்.

எவ்வளவு பெரிய டேங்க்?

டீசல் இன்ஜின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். 20 குதிரைத்திறன், போக வர 8 மணி நேரம் என்றால் 40 லிட்டர். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்று வைத்தால் 60 லிட்டர் வேண்டும்.

நீளம் 80, அகலம் 40, உயரம் 20 சென்டிமீட்டர் உள்ள டேங்க் 64 லிட்டர் கொள்ளும். வெயிலில் டீசல் விரியும் என்பதால் 5 சதவீதம் காலியாக விட்டால் சுமார் 60 லிட்டர் நிற்கும். நமக்குச் சரியான அளவு.

பட்டறைக்குப் போகும் முன் இதே அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து, மேல்தள வாய் வழியாகப் படகுக்குள் இறக்கிப் பார்ப்போம். பெட்டி போகாத வழியில் டேங்கும் போகாது.

எந்த உலோகம்?

கடல் பயன்பாட்டுக்கான அலுமினியம் (5052 அல்லது 5083), 3 மில்லிமீட்டர் தடிமனில் நமக்கு ஏற்றது. ஸ்டெயின்லெஸ் என்றால் 316எல் கேட்போம். சாதா இரும்பும் உழைக்கும். ஆனால் வெளியே எபாக்சி பெயின்ட் நன்றாக ஏற வேண்டும். ஜி.ஐ. தகடு வேண்டாம், டீசல் அதன் துத்தநாகப் பூச்சோடு வினைபுரிந்து, அந்தக் கசடு ஃபில்டரையும் பம்பையும் கெடுக்கும்.

குழாய்கள், கேஜ், கசடு எடுக்கும் கைவாய் எல்லாம் டேங்கின் மேல்பக்கத்திலேயே இருக்கட்டும். நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்து, அதன் மூலைகளை வெட்டிவிடச் சொல்வோம். படகு ஆடும்போது டீசல் மொத்தமாக ஒரு பக்கம் அடிக்காது. இன்ஜினுக்குப் போகும் குழாயின் நுனி அடியிலிருந்து 25 மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். கசடும் தண்ணீரும் உள்ளே ஏறாது. திரும்பி வரும் குழாய் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறங்கட்டும்.

எவ்வளவு ஆகும்?

தகடு கிலோ கணக்கில் விற்கும் பொருள். நம் டேங்குக்குத் தடுப்போடு சேர்த்து 1.2 சதுர மீட்டர் வேண்டும். 3 மில்லிமீட்டர் அலுமினியம் சதுர மீட்டருக்குச் சுமார் 8.1 கிலோ; ஆக 10 கிலோ, வெட்டுச் சேதாரத்தோடு 11 கிலோ. அன்றைய கிலோ விலையால் பெருக்கினால் தகட்டுச் செலவு கையில். இதே டேங்க் இரும்பில் 28 கிலோ வரும்.

அடுத்த பெரிய செலவு ஆர்கன் வெல்டிங் கூலி. கசிவுச் சோதனையும் அதில் அடக்கமா என்று முன்பே கேட்டுக்கொள்வோம். பிறகு ஓஸ், கிளாம்ப், வால்வு, ஃபில்டர். சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். ஐ.எஸ்.ஓ. 7840 என்று அச்சிட்ட, தீ தாங்கும் ஓஸையே வாங்குவோம்.

கசிவு இருக்கிறதா?

டேங்கைப் படகில் ஏற்றும் முன், எல்லா வாய்களையும் அடைத்துக் கைப்பம்பால் 3 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, பற்றுகளில் சோப்பு நுரை தடவுவோம். அழுத்தம் காட்டும் முள் 5 நிமிடம் இறங்காமல், நுரையில் குமிழி வராமல் இருந்தால் தேறிவிட்டது. கம்ப்ரசரை நேராக மாட்ட வேண்டாம், டேங்க் உப்பிவிடும்.

எப்படி உட்கார வைப்பது?

அடித்தளத்தைக் கழுவிக் காயவைத்து, தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று ஊற்றியே பார்ப்போம். டேங்கின் அடியில் நியோபிரீன் பட்டைகளை முழுப் பரப்பும் பசை தடவி ஒட்டுவோம். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே தண்ணீர் நுழையக் கூடாது. மரமும் சாக்கும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அவற்றை டேங்கின் அடியில் வைக்க வேண்டாம். சுற்றிலும் காற்றோட இடம் விட்டு, அசையாமல் பட்டி போட்டு இறுக்குவோம்.

அலுமினியத்தைப் பித்தளையோ செம்போ நேராகத் தொட்டால் அந்த இடம் அரிக்கும். நடுவே ஸ்டெயின்லெஸ் இணைப்பு வைப்போம்.

குழாய் வரிசை எப்படி?

நிரப்பும் ஓஸ் 38 மில்லிமீட்டர். இரு முனையிலும் இரண்டிரண்டு கிளாம்ப். காற்றுக் குழாய் 16 மில்லிமீட்டர். எங்கும் தொய்யாமல் மேலேறி, வளைந்து, அலை ஏறாத உயரத்தில் படகுக்கு வெளியே முடிய வேண்டும். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வழியில் முதலில் மூடும் வால்வு, அடுத்து தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், பிறகு இன்ஜின். உலோக நிரப்பு வாயையும் டேங்கையும் இன்ஜின் எர்த்தோடு ஒயரால் இணைப்போம்.

முதல் முறை நிரப்புவது

10 லிட்டர் ஊற்றி எல்லா மூட்டுகளையும் விரலால் தடவிப் பார்ப்போம். பிறகு பத்துப் பத்தாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அளவுகோலில் கோடு போடுவோம். நிறைந்த டேங்கை ஒரு நாள் அப்படியே விட்டு மறுபடி பார்ப்போம். பிறகு ஃபில்டரிலும் பம்பிலும் காற்றுத் திருகைத் தளர்த்தி, டீசல் கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றி இன்ஜினைக் கிளப்புவோம்.

முதல் ஓட்டம் கரையை ஒட்டியே இருக்கட்டும். கையில் ஒரு மாற்று ஃபில்டரும் இருக்கட்டும். கரை திரும்பியதும் ஃபில்டர் அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு, டேங்கின் அடியில் ஈரம் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். மாதம் ஒருமுறை இதைச் செய்து வந்தால், நாம் உட்கார வைத்த டேங்க் பல ஆண்டு நமக்கு உழைக்கும்.