காதையும் பாருங்கள்

எழுபதைத் தாண்டியவருக்கு வரும் மூளைக்காய்ச்சல் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. கழுத்து விறைப்பைத் தேடினால், எலும்புத் தேய்மானத்தால் அந்தக் கழுத்து ஏற்கெனவே அசையாது. காய்ச்சலும் லேசாகவே இருக்கலாம். "நேத்து ராத்திரியிலிருந்து சம்பந்தமில்லாம பேசுறாரு டாக்டர்" என்று மகன் சொல்வதைத்தான் நான் பெரிய தடயமாக எடுத்துக்கொள்வேன்.

எந்தக் கிருமி என்று தெரிய முதுகுத் தண்டு நீர் வேண்டும். "முதுகுல தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிடுமாமே" என்று கேட்காத குடும்பம் அபூர்வம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுகிறோம் என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். வலிப்போ நினைவு மங்கலோ கைகால் பலவீனமோ இருந்தால் முதலில் சி.டி. ஸ்கேன். அதற்காக மருந்து காத்திருக்கக் கூடாது. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு டெக்சாமெத்தசோனையும் ஆன்டிபயாட்டிக்கையும் ஏற்றிவிட வேண்டும்.

தெளிந்த நீராக வரவேண்டியது அரிசி கழுவிய தண்ணீர்போல் சொட்டும்போதே பாக்டீரியா என்று மனம் சொல்லிவிடும். அந்தக் குப்பியை ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே ஆய்வகத்துக்கு ஆள் மூலம் அனுப்புங்கள். கிராம் சாயமிட்ட ஸ்லைடில் ஊதா மணிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அநேகமாக நியுமோகாக்கஸ்; முதியவர்களிடம் முதல் சந்தேகமே அதன்மேல்தான். ஊதாக் குச்சிகள் தெரிந்தால் தோலிலிருந்து ஒட்டிய கிருமி என்று ஒதுக்கிவிடாதீர்கள், லிஸ்டீரியாவாக இருக்கலாம். செஃப்ட்ரியாக்சோனுக்கு அது மசியாது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஆம்பிசிலினும் சேர்ப்பது அதனால்தான்.

கிருமியின் பெயர் கிடைத்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். அது எந்த வழியாக நுழைந்தது என்பதும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வழி அடைபடாவிட்டால் நோய் திரும்பி வரும். சின்ன வயதிலிருந்து காதில் சீழ் வடிபவர் அதை ஒரு நோயாகவே நினைப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார். பஞ்சை எடுத்துவிட்டுக் காதுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். தலையில் பழைய அடி உண்டா, குனிந்தால் ஒரு பக்க மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறதா, மண்ணீரலை எடுத்த தழும்பு வயிற்றில் இருக்கிறதா, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். வேறு எங்காவது ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள். முன்பே ஆன்டிபயாட்டிக் போயிருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அது தெரிந்தால் பி.சி.ஆர். பரிசோதனைக்கும் சேர்த்து எழுதிவிடுவோம். செத்த கிருமியைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.