இயற்கை உணவு சரி, பல்லு பத்திரமா?



"அக்கா, காலையில அடுப்பே மூட்டுறதில்ல. ஊறவச்ச அவல், தேங்கா, வெல்லம், எலுமிச்சை சாறுதான். உடம்பு லேசா இருக்கு. ஆனா பல்லு கூசுதே?"

திருவையாறு பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

வெள்ளரிப்பிஞ்சு, கேரட் போன்றவற்றை மென்று தின்றால் உமிழ்நீர் சுரந்து பல்லைக் காக்கும். ஆனால் எலுமிச்சை, மாங்காயில் உள்ள புளிப்பு பல்லின் மேல்பூச்சான எனாமலை இளக்கும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. வெல்லம், தேன், பேரீச்சை பல் இடுக்கில் ஒட்டினால் கிருமிகள் அதைத் தின்று அமிலம் உண்டாக்கும். அதனால் வருவதுதான் சொத்தை.

என்ன செய்யலாம்?

1. எலுமிச்சை சாற்றில் தண்ணீர் கலந்து சாப்பாட்டோடு குடியுங்கள். நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டாம்.

2. சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள். புளிப்பு தின்ற உடனே பல் துலக்காதீர்கள். அரைமணி நேரம் போகட்டும்.

3. காலையிலும், இரவு படுக்கும் முன்பும் மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட் கொண்டு துலக்குங்கள். செங்கல் தூள், சாம்பல், கரி வேண்டாம்.

4. வெற்றிலை சீவல், புகையிலையை விடுங்கள். வாய்ப்புற்று வரும்.

5. கூச்சமோ, ஈறில் ரத்தமோ இருந்தால் அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போங்கள்.

காந்தியடிகளே 1929-ல் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, உடம்பு ஏற்காததால் சில மாதத்தில் நிறுத்திவிட்டார். நாமும் உடம்பு சொல்வதைக் கேட்போம். பல்லைப் பிடுங்கக் குழுவில் கடன் கேட்கும் நிலை நமக்கு வேண்டாம்!