சூடோ போடும் கைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

லினக்ஸில் வைரஸ் பரவாததைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். ரூட், பயனர், அனுமதிகள் எல்லாம் நம் இருவருக்கும் பழகிய சங்கதி, அதற்குள் போகவில்லை. இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு இயங்கும் அனுமதி தானாக வந்துவிடாது என்று நீ விளக்கிய பத்தி அபாரம். தமிழில் இதை இவ்வளவு துலக்கமாக எழுதி நான் படித்ததில்லை.

அதே கைதானா, கடைசிப் பக்கத்தில் கர்ல் போட்டு இறக்கும் ஸ்கிரிப்டை அப்படியே, முழு அதிகாரம் தரும் சூடோவோடு, பேஷுக்குள் தள்ளச் சொன்னது? எனக்கு ஆத்திரமே வந்தது. பேஷ் வாசித்து ஓட்டும் உரைக்கு இயங்கும் அனுமதி தேவையே இல்லை. நீ பத்தி முழுக்கப் புகழ்ந்த தடுப்பு அங்கே செல்லாக்காசு. டெபியனில் ஆப்ட் ஒரு பேக்கேஜை எடுத்துவரும்போது களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. உன் வரியில் அதைச் செய்வது யார்?

இன்னொன்று. யூனிக்ஸ் குடும்பத்துக்கே வைரஸ் அந்நியம் என்கிறாய். 1983-ல் ஃப்ரெட் கோஹன் வைரஸ் சோதனை நடத்தியதே யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ் கணினியில்தான். கோப்பு அமைப்பைப் படமாகக் காட்டும் ஒரு நிரலின் தலையில் வைரஸை வைத்தார். பயனர்கள் ஆசையாக ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் கணினியின் முழு அதிகாரமும் அதன் கைக்கு வந்தது. எந்தப் பூட்டும் உடைபடவில்லை. அவரவர் அனுமதியிலேயே அது நடந்து போனது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் லினக்ஸ் ஓடும் கேமராக்களுக்குள் புகுந்ததும், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான்.

டிடிபி கடையில் வேலை பார்த்த காலம் நினைவுக்கு வருகிறது. கல்யாணப் பத்திரிகை, கல்லூரி ப்ராஜெக்ட் என்று வருகிறவர்கள் நீட்டும் பென் டிரைவில் ஆட்டோரன் கோப்பு ஒளிந்திருக்கும். விண்டோஸில் டிரைவைத் திறந்தாலே அது வேலையைக் காட்டும். அதனால் மூலையில் கிடந்த பழைய கணினியில் உபுண்டு போட்டு, எதையும் முதலில் அதில்தான் செருகுவேன். ஒளிந்திருந்ததெல்லாம் வெறும் கோப்பாகத் திரையில் வந்து நிற்கும். அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவை விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை என்பதும் காரணம்தான். ஆனாலும் நான் சொல்லாமல் எதுவும் ஓடாத அந்தக் கணினியின் மேல் எனக்கு அன்றே பற்று வந்துவிட்டது. அதனால்தான் சூடோவை இவ்வளவு அலட்சியமாகத் தட்டச் சொல்கிறவர்களைப் பார்த்தால் பொறுக்கவில்லை.

ரூட் அதிகாரம் கிடைக்காவிட்டால் ஆபத்தில்லை என்றும் எழுதாதே. படங்கள், எஸ்எஸ்ஹெச் சாவி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் ஹோம் கோப்புறையில்தான் இருக்கின்றன. அவற்றைத் திருட உன் அனுமதியே போதும்.

அடுத்த கட்டுரை, லினக்ஸின் கூடுதல் காவலான எஸ்இலினக்ஸ் பற்றி என்று போட்டிருக்கிறாய். உன்னைவிட நன்றாக அதை எழுத ஆளில்லை. ஏதாவது தகராறு செய்தால் அதை அணைத்துவிடுங்கள் என்று மட்டும் எழுதாதே. எது தடுக்கப்பட்டது என்று ஆடிட் பதிவில் பார்க்கச் சொல்லிக்கொடு.

அன்புடன்,
அண்ணன்