பிரிந்தவர் மீண்டும் கூடினால்...



மும்பையில் நாலு தமிழர் கூடும் இடத்தில் ஒரு செய்தி தவறாமல் காதில் விழும்: "அவங்க இப்பத் தனித்தனியாப் போயிட்டாங்க." தாராவியில் மெல்லிசைக் குழு, செம்பூரில் நாடகக் குழு, மாட்டுங்காவில் பஜனை கோஷ்டி, அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கடை, எதுவானாலும் இதே கதைதான். பிரிவதற்கு நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. மீண்டும் கூடுவதற்குத்தான் பாடம் தேவை. அதற்கு இசை உலகிலிருந்து இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

முதல் உதாரணம்: இண்டஸ் கிரீட்

கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் முழங்க ஆங்கிலத்தில் பாடும் ராக் இசைக் குழு இது. பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஆனால் கதையைக் கேளுங்கள். 1984-ல் இதே மும்பையில் 'ராக் மெஷின்' என்ற பெயரில் தொடங்கிய குழு, 1988-ல் தன் சொந்தப் பாட்டுகளை ஆல்பமாக வெளியிட்டது. 1993-ல் பெயரை 'இண்டஸ் கிரீட்' என்று மாற்றிக்கொண்டது. இண்டஸ் என்பது நம் சிந்து நதிதான். 1997-ல் குழு கலைந்தது. பாடகர் உதய் பெனகல் நியூயார்க் சென்று வேறு குழுவில் பாடினார்.

பின்னாளில் மும்பை திரும்பிய அவர், உடனே பழைய பெயரில் போஸ்டர் ஒட்டவில்லை. பழைய தோழர் கிட்டார் மகேஷ் தினாய்கருடன் சிறு அளவில், அதிக முழக்கமில்லாமல் வாசித்துப் பார்த்தார். அதன் பிறகே, 2010-ல், கீபோர்டு ஜுபின் பாலபோரியாவும் சேர, இண்டஸ் கிரீட் மீண்டும் எழுந்தது. பேஸ் கிட்டாருக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ராவ் கவி என இரண்டு புதியவர்கள் வந்தார்கள். 2012-ல் 'இவால்வ்' என்ற ஆல்பம் வெளிவந்தது. 8 பாட்டுகள், அத்தனையும் புதியவை. 'படிப்படியாக வளர்தல்' என்பதே அந்தப் பெயருக்குப் பொருள்.

இரண்டாவது உதாரணம்: மெல்லிசை மன்னர்கள்

இவர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆர்மோனியத்தில் எம்.எஸ்.விசுவநாதன், வயலினில் டி.கே.ராமமூர்த்தி. இருவரும் சி.ஆர்.சுப்பராமனிடம் பணிபுரிந்தவர்கள். 1952-ல் அவர் திடீரென மறைந்தபோது, அவர் பாதியில் விட்டுச் சென்ற படங்களை முடித்துக் கொடுத்தவர்கள். அதே ஆண்டு 'பணம்' படத்தில் தொடங்கிய இந்த இரட்டையர், 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள்.

மறுபடி சேர்ந்தது 1995-ல், சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக. இடையில் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. ராமமூர்த்தி எழுபதைத் தாண்டிவிட்டார். தமிழ்த் திரையிசையோ இளையராஜாவைக் கண்டு, 1992-ல் ரகுமானையும் கண்டுவிட்டது. பிரிவதற்கு முன் போட்ட பாட்டுகள் நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கின்றன. சேர்ந்த பிறகு போட்ட பாட்டுகள் அந்த அளவுக்கு மக்கள் மனதில் நிற்கவில்லை. திறமை குறைந்ததால் அப்படி ஆயிற்று என்று நான் நினைக்கவில்லை. காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். 2013-ல் ராமமூர்த்தியும், 2015-ல் விசுவநாதனும் மறைந்தார்கள்.

பணிமனை சொல்லும் முறை

நான் ரயில்வேயில் காலம் கழித்தவன். ஆகவே என் கண்ணுக்கு இதில் மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் தெரிகிறது. ஓடிக் களைத்த பெட்டி அங்கே வந்தால், முதலில் கூட்டைத் தூக்கிச் சக்கரச் சட்டத்திலிருந்து பிரிப்பார்கள். உறுதியான பாகத்தை வைத்துக்கொண்டு தேய்ந்ததை மாற்றுவார்கள். பிரேக்கைச் சோதிப்பார்கள். பிறகே பெட்டி பயணிகளிடம் போகும். பிரிப்பது அங்கே அவமானமில்லை. மீண்டும் பூட்டுவதில்தான் திறமை.

இந்த முறையோடு இரு உதாரணங்களையும் ஒப்பிட்டால் நான்கு பாடங்கள் கிடைக்கும்.

1. முதலில் சோதனை ஓட்டம். மேடை போட்டு, மாலை வாங்கிச் சேராதீர்கள். இருவர் ஒரு மாலைப்பொழுது சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

2. எல்லோரும் வந்தால்தான் தொடங்குவேன் என்று நிற்காதீர்கள். வர முடியாதவர் இடத்தில் இளையவரை உட்கார வையுங்கள்.

3. புதிய வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். பழையதையே பேசினால் பழைய கணக்கும் கூடவே வரும். புதுப் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர்களுக்குச் சண்டையை நினைக்க நேரம் இருக்காது.

4. நாளைக் கடத்தாதீர்கள். அந்த மும்பைக் குழு 13 ஆண்டில் கூடியது. நம் மன்னர்களுக்கு 30 ஆண்டு ஆயிற்று. அந்த 30 ஆண்டில் இருவரும் சேர்ந்து போட்டிருக்கக்கூடிய மெட்டுகளை இனி யாராலும் கேட்க முடியாது.

ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து, அரைகுறை இந்தியும் மராத்தியும் பேசிப் பிழைப்பவர்கள் நாம். இங்கே நமக்கு இருக்கிற சொந்தம் கொஞ்சம். அதிலும் பாதியைக் கோபத்தில் ஒதுக்கிவிட்டால் பொங்கலுக்கு யார் வீட்டுக்குப் போவோம்?

இதைப் படித்து முடித்ததும், பேசாமல் விட்டுப்போன ஒருவர் பெயர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.