இரண்டு லிங்க் கட்டினால் இரட்டை வேகமா?

வாசுதேவநல்லூர் மாதிரி ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுக்கும் தம்பிகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு: "ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல ரெண்டு ஒரு ஜிகா லிங்க்கைச் சேத்துக் கட்டிட்டா ரெண்டு ஜிகா ஓடும் அண்ணாச்சி."

மொத்தமாகப் பார்த்தால் ஓடலாம். ஒரே ஒரு பெரிய ஃபைலைக் காப்பி பண்ணினால் ஓடாது. ஒரு பரிமாற்றத்தின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே லிங்க்கில்தான் போகும். இரண்டிலும் பிரித்துவிட்டால் பிந்திக் கிளம்பியது முந்திப் போய்ச் சேரலாம். வரிசை குலையக் கூடாது என்பது லிங்க்குகளைச் சேர்த்துக் கட்டுவதற்காக 2000இல் வந்த 802.3ஏடி தரத்தின் விதி. புளியங்குடி எலுமிச்சை லாரிக்கு இன்னொரு ரோடு போட்டாலும் அந்த லாரி சீக்கிரம் போய்விடாது, கூட ஒரு லாரி போகலாம்.

எது எந்த லிங்க்கில் என்பதை முகவரியை வைத்து சுவிட்ச் கணக்குப் போடுகிறது. பலர் சறுக்குவது இங்கேதான். பழைய சுவிட்சுகள் பலவற்றில், நாம் மாற்றாதவரை, மேக் முகவரிதான் கணக்கு. இரு முனையிலும் ரௌட்டர் இருந்தால் நடுவே போகிற எல்லாவற்றிலும் அதே இரண்டு மேக் முகவரிதான். விடையும் எப்போதும் ஒன்றே. ஒரு லிங்க் திணற, மற்றது சும்மா கிடக்கும். ஊரே உட்கார்ந்து வீடியோ பார்த்தாலும் அப்படித்தான். ஐபி முகவரி, போர்ட் எண் இரண்டையும் பார்க்கும் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதுவும் இரு சுவிட்சிலும், ஏனென்றால் அனுப்புகிற பக்கம்தான் லிங்க்கைத் தேர்ந்தெடுக்கிறது. அப்போதும் சரிபாதி வராது.

(1990களின் தொடக்கத்தில் லிங்க்குகளைச் சேர்த்துக் கட்டும் வித்தையைக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயர் அது. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது.)

"எல்ஏசிபி எதுக்கு, கையால கட்டினாப் போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. எல்ஏசிபி என்பது கட்டிய லிங்க்குகளைப் பற்றி இரு சுவிட்சும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் ஃபைபர் அறுந்த பிறகும் சுவிட்ச் போர்ட்டில் பச்சை எரியலாம். சுவிட்சும் செத்த லிங்க்கில் டிராஃபிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். சில தளம் திறக்கும், சில திறக்காது. கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எல்ஏசிபி இருந்தால் இரு பக்கமும் 30 விநாடிக்கு ஒருமுறை விசாரித்துக்கொள்ளும், 90 விநாடி பதில் இல்லையென்றால் அந்த லிங்க்கை விலக்கிவிடும். வேகமாக வைத்தால் ஒரு விநாடி, மூன்று விநாடி.

கட்டாமலே இரண்டு வயரைச் சொருகினால்? லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இருந்தால் ஒன்று அடைபடும். மலிவு சுவிட்சுகள் பலவற்றில் அது இருக்காது, லூப் ஆகி நெட்வொர்க்கே படுத்துவிடும்.

"ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கு" என்பது இரண்டும் வேறு வேறு தெருவில் போனால்தான் உண்மை. ஒரே கேபிளுக்குள் இருக்கும் இரண்டு இழையையும் ஜேசிபி ஒரே கொத்தில் எடுத்துவிடும். ஒரே கேபிள்தான் என்றால், சுவிட்ச் இடம் கொடுத்தால், ஒரு ஜோடி பத்து ஜிகா மாட்யூல் போட்டுவிடுவேன்: கட்டுகிற வேலை இல்லை, ஒரே ஃபைலுக்கும் முழு வேகம்.